கடல் கழுகும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

இந்தத் தீவில் கருடன் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்கிற இந்தியக் கரையில் கோயில் குளத்துக்கு மேலே சுற்றுமே, செங்கல் நிற உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக, அந்தப் பறவையை மாயாபந்தரில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு எழுபது வயதைத் தாண்டி நாளாகிவிட்டது, பிறந்ததும் இங்கேதான். கண்ணுக்கு வைத்தியம் பார்க்க ஒருமுறை கப்பலில் சென்னைக்குப் போனபோது துறைமுகத்தில் காட்டினார்கள். கூட நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் கடல் கழுகுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் அதன் கடைசித் தம்பி மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்து சொல்லவில்லை.

என் வீடு கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியிலிருந்து தள்ளி, உப்பாறு கடலில் கலக்கிற முனையில் இருக்கிறது. முன்னால் தண்ணீர், பக்கத்தில் அலையாத்திக் காடு, பின்னால் மேடு. மேட்டின் மேல் முருகன் கோயில். வீட்டு வாசலிலேயே துறை. டோங்கி என்று நாங்கள் சொல்கிற சின்னப் படகுகள் அங்கே மீன் இறக்கும். வாங்குகிறவர்களுக்கு நான் அரிவாள்மனை போட்டு அறுத்துக் கொடுப்பேன். கல்யாணமான புதிதில் உட்கார்ந்த இடம், இன்னும் அதே இடம். அங்கிருந்து தலையைத் தூக்கினால் வானம்தான். அதனால் பிடித்துத் தின்னும் பறவைகளை எனக்குத் தெரியும். புத்தகத்தில் பார்த்துத் தெரிந்ததில்லை. என் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி.

வல்லூறு இருப்பதில் சின்னது, இருப்பதில் கெட்டது. மஞ்சள் கண். மேலிருந்து வரும் என்று நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம், அது பாக்கு மரங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் நுழைந்து வரும். தாய்க்கோழி கத்துவதற்குள் குஞ்சு போய்விடும். தன் அளவுள்ள எதனோடும் அது மோதியதை நான் பார்த்ததில்லை. குளிர் காலம் வந்தால் இதே சாடையில் வேறு சில வல்லூறுகள் வடக்கிலிருந்து கூட்டமாக வந்து இறங்கும். எங்கள் பஸ்தியில், எங்கள் குடியிருப்பில், அவற்றை டிரான்ஸ்பர் பறவை என்போம். வரும்போது ஆபீஸர் போல வரும், போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாது.

பைரியும் குளிருக்குத்தான் வரும். மொபைல் டவரின் உச்சியில் நிற்கும். புறா கூட்டமாகக் கிளம்பினால் அதற்கும் மேலே ஏறி, இறக்கையை மடக்கிக்கொண்டு கல் விழுகிற மாதிரி விழும். ஓர் அடிதான். அடித்த பிறகு இரண்டாவது தரம் அடிக்காது, விழுவதை எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்குப் பிடித்த பறவை அது.

காட்டுக் கழுகு ஒன்று உண்டு, பெரிய மரங்களில் இலைக்குள் உட்கார்ந்திருக்கும். சேவலையே தூக்கும். ஒரு வீட்டில் ஒருமுறை எடுத்துவிட்டால் அந்த வீட்டை மறக்காது. கூகைகள் இரவில் வேலை செய்பவை. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நான் சீக்கிரம் படுத்துவிடுகிறவள்.

பாம்புக் கழுகு என் கோழியைத் தொட்டதே இல்லை. அலையாத்திப் பக்கம் இருப்பது கொஞ்சம் வெளுப்பு, காட்டுக்குள் இருப்பது கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரே கிளையில் உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும். பாம்பு, தவளை, நண்டு, அவ்வளவுதான் அதற்கு. கோபம் வந்தால் பிடரி மயிர் சிலிர்த்து நிற்கும். மதியத்துக்கு முன்னால் மேலே போய் வட்டமடித்துக்கொண்டு விசில் அடிக்கும். கறுப்பாக இருக்கிறது என்பதற்காகவே அதைக் கல்லால் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லது செய்கிறவனைக் கல்லால் அடிப்பது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

கடைசியாக, கடல் கழுகு. வயிறும் தலையும் வெள்ளை, இறக்கை சாம்பல். ஆணும் பெண்ணுமாகத்தான் இருக்கும். உப்பாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கர்ஜன் மரத்தில் கூடு. ஒவ்வொரு வருஷமும் அதே கூட்டில் மேலும் மேலும் குச்சி வைக்கும், இப்போது ஒரு கட்டில் அளவுக்கு வந்துவிட்டது. வாத்து கத்துகிற மாதிரிக் குரல். தண்ணீரின் மேல்மட்டத்தில் வருகிற மீனையும் கடல் பாம்பையும் காலால் அள்ளும். அடுத்த பறவை பிடித்ததையும் பிடுங்கும். செத்ததையும் தின்னும். ராஜா மாதிரி இருக்கும், ஆனால் எது சும்மா கிடைக்கிறதோ அங்கேதான் வரும். நான் தினமும் காலையில் மீன் குடலைத் துறைக்குப் பக்கத்தில் எறிவேன். அது கர்ஜன் மரத்திலிருந்து கிளம்பி, பெரிய வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கும். துறைக்கு நேர் மேலேதான் கோயில் என்பதால் அந்த வட்டம் கோயிலின் தலைக்கு மேலே போய் வரும். எனக்கு அதில் விசேஷம் ஒன்றுமில்லை. மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள்தான் கும்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பாட்டனாரின் அப்பா விலங்கு போட்ட காலோடு கப்பலில் வந்தவர். ஊரில் தன் தங்கையைக் கை நீட்டி அடித்த ஒருவனை வெட்டிவிட்டு வந்தார். நாங்கள் இதை ஒளிப்பதில்லை. தண்டனை முடிந்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. அவர் மகன் மரம் வெட்டும் வேலைக்கு வடக்கே வந்து, இந்த மேட்டில் ஒரு மரத்தடியில் வேல் ஒன்றை நட்டார். வேலுக்கு ஊற்றத் தண்ணீர் வேண்டும் என்று கீழே கிணறு தோண்டினார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது தித்திப்பாக வந்தது. அன்றிலிருந்து எந்தத் திருவிழா என்றாலும் முதல் குடம் எங்கள் கிணற்றிலிருந்துதான். வீட்டுப் பெண் சுமந்துகொண்டு போக வேண்டும். என் அத்தை சுமந்தாள், என் அம்மா சுமந்தாள், பிறகு நான். மகன் பிறந்த பிறகு நான் வேறு ஊருக்குப் போகாமல் புருஷனை இங்கேயே இருக்க வைத்ததற்குக் கூட இந்தக் குடம் ஒரு காரணம்.

கோயில் தகரக் கூரையாக இருந்தவரை யாரும் அதைக் கேட்கவில்லை. தலைவர் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. அவர் கான்ட்ராக்டர், இங்கே வந்து முப்பது வருஷம் இருக்கும். கெட்டிக்காரர். கமிட்டி என்று ஒன்று வைத்து, தலைவரானார். தகரக் கூரையைப் பிரித்து, கான்கிரீட் போட்டு, நீலமும் மஞ்சளுமாகக் கோபுரம் எழுப்பினார். பொம்மைகள் கப்பலில் வந்து இறங்கின. எல்லாம் சரி. கும்பாபிஷேகத்துக்குத் தேதி வைத்த பிறகு கமிட்டி கூடியது. நானும் போயிருந்தேன். பெண்களுக்கு என்று பின்வரிசையில் பாய் போட்டிருந்தது.

குருக்களைக் கொண்டுவருவது, பந்தல், சாப்பாடு எல்லாம் பேசி முடித்தார்கள். முதல் குடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானே கேட்டேன்.

"தலைவரே, முதல் குடம் எப்ப எடுத்துட்டு வரணும்?"

அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார். "காவேரி, கங்கைன்னு புண்ணிய தீர்த்தமெல்லாம் பிளேன்ல வருது. இதுக்கு நடுவுல கெணத்துத் தண்ணி எதுக்கு."

"எதுக்குன்னா, மூணு தலைமுறையா எடுக்கறோம்."

"அதான் பார்க்கறேன். மெயின்லேண்டுல இருந்து பெரிய மனுஷங்க வர்றாங்கம்மா. காலைல மீன் குடல உருவுற கை. பூர்வீகம் கேட்டா ஜெயிலு. நாளைக்கு அவங்க என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அதுவே பெரிய அவமானமாக இருந்தது. சிரித்திருந்தால் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு திட்டியிருக்கலாம். எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரின் பூர்வீகம் எங்கள் பூர்வீகம்தான். அதே கப்பல், அதே விலங்கு. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, மேட்டை விட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். அவள் ரங்கத் பக்கம் குடியேறிய பெங்காலிகளின் பெண். என் மகனைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவள், நல்ல பெண். தமிழைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவாள்.

"மா, சோடோ நா," என்றாள். "விட்டுருங்க. அவருக்கு திமாக் இல்ல, மூளையே இல்ல. நீங்க பேசாம இருங்க."

"பேசாமத்தான் இருக்கப் போறேன்," என்றேன்.

விட்டுவிடச் சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். எனக்கு அது வராது. ராத்திரி சாப்பிடும்போதும், காலையில் மீனைச் செதில் சீவும்போதும் அந்த வார்த்தை வாயில் முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. என்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். எந்தத் தண்ணீரை வேண்டாம் என்றாரோ அதை அவரே சுமந்துகொண்டு மேடு ஏற வேண்டும். மீன் கையால் அது கெட்டுப் போகுமென்றால், கான்ட்ராக்டர் கையால் போகட்டும்.

வழி தானாகவே வந்தது, அதுவும் அவர் வாயிலிருந்தே.

கும்பாபிஷேகம் என்றால் கருடன் வந்து வட்டமடிக்க வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் கலசத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். தலைவர் மெயின்லேண்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் இதைத்தான் சொன்னார். "எங்க கோயிலுக்குக் கருடன் தினமும் வருது. தினமும். காலைல வந்து கோபுரத்தச் சுத்திட்டுப் போகும்." துறையில் நின்று சத்தமாகப் பேசுவார், நான் கீழே உட்கார்ந்து குடல் எறிந்துகொண்டிருப்பேன். கடல் கழுகு வரும். அவர் போனை அதன் பக்கம் தூக்கிக் காட்டுவார். பிறகு கையெடுத்துக் கும்பிடுவார். இத்தனை வருஷமும் அது எதற்கு வருகிறது என்று அவர் குனிந்து பார்த்ததில்லை. கும்பிடுகிறவர்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

காப்புக் கட்டுகிற அன்றைக்கு ஒரு பையில் நோட்டீஸ் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். மருமகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எனக்குக் கூட்டிக் கூட்டி வாசித்தால்தான் வரும், அதனால் கொடுக்க வந்தவரையே சொல்லச் சொன்னேன்.

"கும்பாபிஷேகம் முடியற வரைக்கும் துறையில மீன் இறக்கக் கூடாது, அறுக்கக் கூடாதுக்கா. சுத்தம். டோங்கியெல்லாம் ஜெட்டிக்குப் போயிரணும். ஒருத்தரும் குடல், செதில் போடக் கூடாதுன்னு தலைவர் உத்தரவு."

"போட மாட்டேன்," என்றேன். "தலைவர்கிட்ட சொல்லு, ஒரு செதில்கூட விழாதுன்னு."

அவர் நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். நோட்டீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அரிவாள்மனையைக் கழுவி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்தேன். துறைக்கல்லை நானே தேய்த்துக் கழுவினேன். ப்ளீச்சிங் பவுடர் கூடப் போட்டேன். அவ்வளவு சுத்தமாக அந்தக் கல் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

மருமகள் வாசற்படியில் நின்று பார்த்தாள். "இவ்வளவு குஷியா ஏன் மா கழுவறீங்க?"

"உத்தரவு."

முதல் நாள் காலையில் கடல் கழுகு வழக்கம் போல வந்தது. கோபுரத்துக்கு மேலே சுற்றி, துறைக்கு இறங்கி, ஒன்றும் இல்லாததைப் பார்த்து மறுபடி மேலே போனது. யாகசாலையில் புகை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கும்பிட்டார்கள். மறுநாளும் வந்தது, ஒரு கம்பத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது. நான் கையை விரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அது வரவில்லை. உப்பாறு கடலைத் தொடுகிற முனைக்கு அப்பால், தண்ணீருக்கு மேலே தாழ்வாகப் போய்க்கொண்டிருப்பதை ஒருமுறை தூரத்தில் பார்த்தேன். அது தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. பந்தலில் அவ்வளவு வேலை.

கும்பாபிஷேகத்தன்று நான் குளித்து, பட்டுச் சேலை கட்டி, எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். பின்னால் பாய் போட்டிருந்த இடத்தில் உட்காரவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை. குருக்கள் மந்திரம் சொல்லி, கும்பங்களைத் தலையில் வைத்துச் சுற்றி வந்து, சாரத்தில் ஏறிக் கோபுர உச்சிக்குப் போனார்கள். தலைவரும் மேலே போனார். தலையில் பரிவட்டம், பட்டு வேட்டி, கழுத்தில் மாலை. கீழே அவருடைய பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெயின்லேண்டிலிருந்து இதற்காகவே வந்தவர், எல்லோரும் அவருக்குப் பயப்படுவது தெரிந்தது.

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். வானம் சுத்தமாக இருந்தது.

"எங்கப்பா கருடன்?" என்று பெரியப்பா கீழேயிருந்து கேட்டார்.

"இப்ப வந்துரும் பெரியப்பா. இந்த நேரந்தான்."

வரவில்லை. நாதஸ்வரக்காரர்கள் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது. அப்போது காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாம்புக் கழுகு மேலே வந்து, விசில் அடித்துக்கொண்டு அழகாக வட்டமடித்தது. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. பெரியப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"இதுவா? கறுப்பாயிருக்கு. இது ஏதோ காட்டுப் பறவைப்பா. கருடனுக்குக் கழுத்து வெள்ளையா இருக்கணும்."

"இது இல்ல பெரியப்பா. இது வேற. அது பெருசா இருக்கும்."

பாம்பைத் தின்கிறதுதான் கருடன் என்று சின்ன வயதில் எனக்குக் கதை சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிற பறவை தலைக்கு மேலே வந்து நின்றது, நிறம் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அது போய்விட்டது.

குருக்கள் மேலேயிருந்து, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். தலைவர் இன்னும் கொஞ்சம் என்றார். அவ்வளவு பேரிடம் தினமும் வருகிறது என்று சொல்லிவிட்டு எப்படி ஊற்றச் சொல்வார். அப்போது சாரத்தின் கீழே நின்ற ஒரு தெலுங்குக்காரர், படகு ஓட்டுகிறவர், சும்மா இருக்க முடியாமல் ஹிந்தியில் கத்தினார். "அரே தலைவர் ஸாப், வோ தோ மௌசி கி மச்சி கே லியே ஆதா ஹை. மச்சி பந்த், சீல் பந்த்."

அந்தப் பறவை இந்த அம்மாவின் மீனுக்காக அல்லவா வருகிறது, மீனை நிறுத்தினால் பறவையும் நின்றுவிடும் என்றார். இங்கே எல்லோருக்கும் ஹிந்தி புரியும். பெரியப்பாவுக்கு மட்டும் புரியவில்லை. "என்னப்பா சொல்றான்?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லவில்லை.

தலைவர் சாரத்திலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார். வியர்வை மாலையில் சொட்டியது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அம்மா, அந்தப் பறவ நெஜமாவே ஒங்க மீனுக்குத்தான் வருதா?"

"எனக்கென்ன தெரியும். நீங்கதான கருடன்னீங்க."

"வீட்டுல மீன் ஏதும் இருக்கா?"

"ஐஸ் பெட்டியில ஒரு சூரை இருக்கு. எதுக்கு? இன்னைக்கு அறுக்கக் கூடாதுன்னு உத்தரவாச்சே."

"அம்மா. மானம் போகுதும்மா."

"ஆமா," என்றேன். "போறப்ப அப்படித்தான் இருக்கும்."

நான் பொறுத்திருந்தேன். பாம்புக் கழுகு கிளையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, கீழேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கால் விரல்கள் மண்ணில் முன்னும் பின்னுமாகப் போயின.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"முதல்ல எங்க கெணத்துத் தண்ணி கலசத்துக்குப் போகணும். அப்புறம் பேசுவோம்."

அவர் மேலே பார்த்துக் குருக்களிடம் கேட்டார். குருக்கள் சிறு வயதுக்காரர், எங்கள் சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. "தாராளமா. தீர்த்தம் ஊத்தறதுக்கு முன்னாடி சுத்த ஜலத்தால கலசத்தக் கழுவணும். நல்ல கெணத்துத் தண்ணின்னா ரொம்ப விசேஷம்," என்றார்.

"சரி, ஒங்க வீட்டுல யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றார் தலைவர்.

"எங்க வீட்டுல எல்லாம் மீன் கை," என்றேன். சத்தமாகச் சொன்னேன், அன்றைக்குப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று. "பூர்வீகம் ஜெயிலு. நீங்கதான் சுத்தம். நீங்களே எறைச்சு எடுத்துட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு மேட்டை விட்டு இறங்கினார். நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் பாதிக் கூட்டம் வந்தது.

கிணற்றடியில் குனிந்தால் பரிவட்டம் விழுந்துவிடும் போலிருந்தது. அதை அவிழ்த்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மருமகள் கை நீட்டி வாங்கி, கொடியில் என் பழைய சேலைக்குப் பக்கத்தில் போட்டாள். அவர் வாளியை இறக்கினார். இறைத்துப் பழக்கமில்லாத கை, கயிறு இரண்டு தடவை நழுவியது.

"ஆராம் சே, தலைவர்ஜி," என்றாள் மருமகள். "மெல்ல. கெணறு எங்கேயும் போகாது."

எங்கள் அத்தை காலத்துப் பித்தளைக் குடத்தில் தண்ணீரை நிரப்பி, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் மீன் கையால். அவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். தண்ணீர் தளும்பி முதுகில் வழிந்து, பட்டு வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. பாதி வழியில் நின்றார். யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கலாம். யாரும் வாங்கவில்லை. இந்தத் தடவை அவர்கள் பேசாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

மேலே போனதும் குடத்தைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு, சாரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினார், போங்கள், மீனை அறுங்கள் என்று. நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் மறுபடி காட்டினார். நான் பார்க்காதது போல இருந்தேன். மூன்று தலைமுறையாக எடுத்த தண்ணீர் முதன்முதலாகக் கோபுரத்தின் தலையில் விழப் போகிறது, அதைப் பார்க்காமல் நான் எதற்குத் துறைக்குப் போய்ச் சூரையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

குருக்கள் எங்கள் தண்ணீரை ஊற்றினார். கலசத்தில் பட்டு, கீழே முன்வரிசையில் இருந்தவர்கள் மேல் தெறித்தது. என் கண்ணாடியில் நாலு சொட்டு. துடைக்கவில்லை. அப்புறம் அவர் யாரையும் கேட்காமல், நேரம் முடிகிறது என்று சொல்லி, காவேரியையும் கங்கையையும் ஊற்றிவிட்டார். கூட்டம் அரோகரா என்றது. தலைவர் மட்டும் வாயைத் திறக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருடன் வராத கும்பாபிஷேகம் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே எழுந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போனார். பந்தியிலும் அதையே சொன்னாராம்.

சாயங்காலம் தலைவர் என் வாசலில் வந்து நின்றார். கொடியில் கிடந்த பரிவட்டத்தை எடுத்துப் போக வந்ததாகச் சொன்னார்.

"இப்படி ஏமாத்திட்டீங்களே."

"அப்புறம் பேசுவோம்னேன். வேற ஏதாச்சும் வாக்குக் குடுத்தேனா? எங்க பூர்வீகத்தப் பத்தித் தெரிஞ்சும் என்கிட்ட வாக்க எதிர்பார்க்கலாமா."

அவர் பரிவட்டத்தை மடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசியதில்லை. பேச வேண்டிய தேவை எனக்கும் இல்லை. அடுத்து வந்த பங்குனி உத்திரத்துக்கு முதல் குடம் எடுக்கச் சொல்லி கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், மருமகள் சுமந்தாள்.

தலைவரை மன்னித்துவிட்டீர்களா என்று மகன் கேட்கிறான். வேலுக்கும் எனக்கும் நடுவில் சண்டை ஒன்றுமில்லை, அது எங்கள் வேல். கோபுரம் தலைவருடையது. கும்பாபிஷேகம் முடிந்து தடை எடுத்ததும் நான் துறைக்கல்லில் உட்கார்ந்து அந்தச் சூரையைத்தான் முதலில் அறுத்தேன். தலையோடு சேர்த்து எறிந்தேன். கடல் கழுகு வந்து எடுத்தது, ஆனால் மரத்துக்குப் போகவில்லை. பக்கத்திலேயே வசதியாக உயரமான ஓர் இடம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது. கோபுரத்தின் நடுக்கலசத்தில் உட்கார்ந்து மீன் தலையைக் கொத்தித் தின்றது. ரத்தமும் செதிலும் பொம்மைகளின் மேல் வழிந்தன. போகும்போது நீல வர்ணத்தில் வெள்ளையாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. மறுநாளும் வந்தது. தலைவர் ஆள் விட்டுக் கழுவ வைத்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தது.

ஒரு நாள் கமிட்டி ஆள் வந்து, கல்லைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அறுக்க முடியுமா என்று தலைவர் கேட்டதாகச் சொன்னார். பறவையைப் பட்டாசு வைத்து விரட்டலாமா என்றும் யோசிக்கிறார்களாம்.

"கருடன விரட்டினா பாவம்னு சொல்லு," என்றேன். "ஊரெல்லாம் போன் பண்ணிக் காட்டினவரு அவரு."

கல்லைத் தள்ளிப் போடவில்லை. விடிந்தால் அதே இடத்தில்தான் உட்காருகிறேன். குடலை மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் கோபுரத்துப் பக்கமாக எறிகிறேன்.